காட்டுப் பாதைக்கு ஒரு சைக்கிள்

“காட்டுல உனக்கு என்ன வேலை?”

ஜூடித்தை அவள் அம்மா பிரிஜெட் இப்படிக் கேட்டது ஒரு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மடியில் பாதி உரித்த பட்டாணியோடு. ஜூடித்துக்கு வயது முப்பத்தொன்று. யாராவது ஏதாவது கேட்டால் அவள் யோசித்துப் பதிலைக் கண்டுபிடிப்பதற்குள் கேட்டவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

அன்று காலைதான் ஆபீஸ் தோழி அம்ருதா அவளை ஆவலஹள்ளிக் காட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். ஊருக்கு வெளியே, எலஹங்கா தாண்டி, தைல மரங்கள் நெடுநெடுவென்று நிற்கிற காடு. அம்ருதா ஓடுவதற்காக வந்தாள், ஜூடித் நடந்தாள். ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து வாரத்துக்கு ஆறு நாள் ஆஸ்பத்திரி பில் போடுகிறவளுக்கு இத்தனை மரங்களை ஒன்றாகப் பார்த்ததே பெரிய விஷயம். அப்போது மேட்டின் மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமான துணியை யாரோ சீராகக் கிழிப்பதைப் போல. பிறகு மூன்று சைக்கிள்கள். நடப்பதற்கே இவள் கையை ஊன்றிய சரிவில், வேரும் பாறையுமாகக் கிடந்த இடத்தில், அவை தண்ணீரைப் போல வளைந்து இறங்கின. கடைசியாக வந்தவள் ஒரு பெண். ஹெல்மெட்டுக்குக் கீழே நரைத்த பின்னல். ஜூடித்தைக் கடக்கும்போது ஹேண்டில்பாரிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

தூசி அடங்கி வெகுநேரம் வரை ஜூடித் அங்கேயே நின்றாள். ஒரு மனித உடம்பால் இப்படியும் முடியுமா என்று இருந்தது. அந்த விரல் அசைந்தது தன்னைப் பார்த்துத்தானா என்பதும் சந்தேகமாக இருந்தது.

“அந்த மாதிரி சைக்கிள் ஒண்ணு வாங்கணும் மம்மி” என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

பிரிஜெட் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஓய்வு பெறும்வரை இருபத்தாறு வருஷம் அவள் ஓர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும் அறையில் வேலை பார்த்தவள். உலகமே அவளுக்கு எலும்புகளாகத்தான் தெரியும். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் யாராவது கும்பிட்டால், அவர் தள்ளிப் போனதும் மெதுவாகச் சொல்வாள்: “நீலச் சட்டை. எடது மணிக்கட்டு. தொண்ணூத்தெட்டு.” சைக்கிள் என்று சொன்னால் அவள் மனதில் வருவது தோள்பட்டைக்கு முன்னால் இருக்கிற கழுத்தெலும்பு. “கழுத்தெலும்புக் கேஸ்ல பாதி சைக்கிள் கேஸ்” என்பாள். “நல்ல ரோட்டுலயே அப்படி. நீ கல்லு மேல ஓட்டணுங்கற.”

ஜூடித் எதிர்த்துப் பேசவில்லை. கேட்டதைக் கைவிடவும் இல்லை. ஜூனிலிருந்து நவம்பர் வரை பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் சைக்கிள்களையே பார்த்தாள். முன் சக்கரத்துக்கு மேல் கல்லின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஸ்பிரிங் வைத்த கால்கள் இருக்கும் என்றும், டயரில் பல் வைத்திருப்பது மண்ணைக் கடித்துக்கொள்வதற்கு என்றும் தெரிந்துகொண்டாள். லட்ச ரூபாய்ச் சைக்கிள்களைக் கண்காட்சி பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, இருபதாயிரத்துக்குள் கிடைப்பவற்றை வீட்டுக்கு வரப்போகிறவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் பிரிஜெட்டுக்கே அலுத்துவிட்டது.

“சரி, வா. நான் பாக்காம எதுவும் இந்த வீட்டுக்குள்ள வராது” என்று ஹேண்ட்பேக்கை எடுத்தாள்.

பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் இருந்தது நயீம் பாயின் கடை. சைக்கிள்கள் கூரையிலிருந்து இரண்டு வரிசையாகத் தொங்கின. பின்கதவு வழியாக வந்த வெயில் ஆயிரம் கம்பிகளில் பட்டுச் சிதறிக்கொண்டிருந்தது. பூசை நடுவே தாமதமாக நுழைந்தவளைப் போல ஜூடித் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“எங்க ஓட்டப் போறீங்க மேடம்?” என்றார் நயீம் பாய்.

“காட்டுல” என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

அவர் சிரிக்கவில்லை. “எந்த மாதிரி காடு? பெரிய கல்லா, மண் பாதையா? எங்கயாச்சும் குதிக்கிற மாதிரி வருமா?”

“மண்ணுதான். கொஞ்சம் கல்லு, வேரு. குதிக்கல்லாம் மாட்டேன்.”

“அவ குதிச்சா நான் குதிப்பேன், கெணத்துல” என்றாள் பிரிஜெட்.

ஜூடித்தின் கண் போன இடத்தில், முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த ஒரு சிவப்புச் சைக்கிள் பளபளத்தது. விலையும் அதிகமில்லை. நயீம் பாய் தலையை ஆட்டினார். “அது நக்கோ, வேணாம் மேடம். பாக்க ஹீரோ மாதிரி இருக்கும். இந்த வெலைக்குப் பின்னாலயும் ஸ்பிரிங் வெக்கணும்னா மத்த எல்லாத்துலயும் கை வெச்சிருப்பான். நீங்க மிதிக்கிறதுல பாதிய அந்த ஸ்பிரிங்கே தின்னுடும். ஏத்தத்துல அழுதுடுவீங்க. முன்னால மட்டும் இருக்கிறது போதும். எடை கம்மி, ரிப்பேர் கம்மி.”

பிறகு ஒரு கரும்பச்சைச் சைக்கிளை இறக்கி அவள் முன்னால் நிறுத்தினார். மழை நாளில் அல்சூர் ஏரி இருக்குமே, அந்த நிறம். கடை வாசலில் அதன் குறுக்குக் கம்பிக்கு இரு பக்கமும் தரையில் காலை ஊன்றி நிற்கச் சொன்னார். குனிந்து, கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே எத்தனை இடம் என்று தூரத்திலிருந்தே கண்ணால் அளந்தார். “இது பதினேழு இஞ்ச். உங்களுக்குப் பெரிசு. தடுமாறி எறங்கினா இடிக்கும். இதே சைக்கிள் பதினஞ்சுல இருக்கு, இருங்க.” பதினைந்து வந்தது. அதன் மேல் நின்றபோது, இத்தனை வருஷமும் மற்றவர்கள் அளவில் தைத்த உடுப்பையே போட்டுக்கொண்டு இருந்துவிட்டு இன்றுதான் தன் அளவுக்குத் தைத்ததைப் போட்டாற்போல இருந்தது ஜூடித்துக்கு.

“கேரியர் எங்க?” என்றாள் பிரிஜெட்.

“இதுக்கு வராது ஆன்ட்டி.”

“ஸ்டாண்டு?”

“கல்லுல தட்டும் ஆன்ட்டி. செவத்துல சாச்சிடலாம்.”

“மட்கார்டு?”

“வேணும்னா பிளாஸ்டிக்ல சின்னதா ஒண்ணு…”

“பெல்லாவது இருக்கா?”

“பெல் நான் சும்மாவே தர்றேன்.”

“இத்தனை காசு குடுத்து, முழுசா இருக்கிறது அது ஒண்ணுதான்” என்றாள் பிரிஜெட். ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டால் விஷயத்தை எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம். “பிரேக் எது? அதக் காமிங்க.”

நயீம் பாய் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார். சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக, பூ வெட்டியதுபோல ஒரு வெள்ளித் தட்டு சக்கரத்தோடு சுற்றியது. கைப்பிடியைத் தொட்டார். சக்கரம் அந்த நொடியிலேயே செத்தது. “இந்தத் தட்ட ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். பின்னாலயும் ஒண்ணு. உயிரே இதுலதான் இருக்கு ஆன்ட்டி.”

பிரிஜெட் எக்ஸ்ரே பார்ப்பதுபோல அந்தத் தட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கடையின் மூலையில் நின்ற ஒரு வெளிர் மஞ்சள் லேடீஸ் சைக்கிளைக் காட்டினாள். முன்னால் கூடை, பின்னால் கேரியர், சங்கிலிக்கு மூடி. “இது சரியா வரலைன்னா அதை மாத்திக் குடுப்பீங்களா?”

“ஒரு வாரத்துக்குள்ள கொண்டு வாங்க. மிச்சத்தக் கையில குடுத்துடறேன்.”

பிரிஜெட் மகள் பக்கம் திரும்பினாள். “கேட்டுக்க ஜூடி. உன் உடம்புல ஒரு கீறல் விழுந்து வந்தாலும், இதக் குடுத்துட்டு அத எடுத்துக்கணும். மறுபேச்சு கெடையாது. சரியா?”

ஜூடித் தலையாட்டினாள். பிரிஜெட்டிடம் தலையாட்டிவிட்டு மாறியவர்கள் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் நயீம் பாய் அவளை நாலு சுற்றுச் சுற்றவிட்டார். எறக்கத்துல சீட்டுல உக்காராதீங்க, ரெண்டு பெடலும் சமமா வெச்சு முட்டிய மடிச்சு நில்லுங்க என்றார். கல்லைப் பார்த்தால் கல்லுக்குத்தான் போவீர்கள், போகவேண்டிய இடத்தைப் பாருங்கள் என்றார். பிரிஜெட் அப்போது கடைக்குள் மஞ்சள் சைக்கிளின் கூடையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது புதன்கிழமை. ஞாயிறுவரை சைக்கிள் வீட்டு நடையில், செருப்பு ஸ்டாண்டுக்கும் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கும் நடுவே சாய்ந்து நின்றது. ஜூடித் ஆபீஸிலிருந்து வந்ததும் பின் சக்கரத்தை லேசாகத் தூக்கிச் சுற்றிவிடுவாள். டிக்டிக்கென்று அது தானாகச் சுற்றி அடங்குவதைக் கேட்டுக்கொண்டே நிற்பாள்.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் எழுந்து வந்தபோது பிரிஜெட் முன்பே எழுந்து குளித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு செப்டம்பரும் வேளாங்கண்ணியிலிருந்து வருகிற மந்திரித்த எண்ணெய் புட்டியைத் திறந்து, மகளின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். “ஹெல்மெட் வாரை இறுக்கிக் கட்டு” என்றாள். அவ்வளவுதான்.

அம்ருதா காரோடு வந்தாள். ஜூடித் முன் சக்கரத்தை ஒரு நிமிஷத்தில் கழற்றிப் பின்சீட்டில் சைக்கிளைப் படுக்கவைத்ததைப் பார்த்து, “ஏ, இதெல்லாம் யாவாக, எப்ப கத்துக்கிட்ட?” என்றாள்.

“பஸ்ல” என்றாள் ஜூடித்.

காட்டின் வாசலில் பனி இடுப்பளவு நின்றது. அம்ருதா ஓடிப் போய்விட்டாள். ஜூடித் ஏறி மிதித்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பிரேக்கைப் பிடித்துப் பார்த்தபோது சைக்கிள் சற்றுத் தாமதமாக நின்றது. புதுசு, பழக நாளாகும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு பாதை காட்டுக்குள் திரும்பியது. அடுத்த அரைமணி நேரத்தைப் பற்றி யார் கேட்டிருந்தாலும் அவளால் கோவையாகச் சொல்லியிருக்க முடியாது. ஏற்றம் வந்தது. வலது கட்டைவிரலால் கியரை அழுத்தினாள். சங்கிலி பின்னாலிருந்த பெரிய பல்சக்கரத்துக்கு ஏறியது. மேடு தாழ்ந்து கொடுத்தது. இன்னொரு அழுத்தல், இன்னும் கொஞ்சம். பள்ளிக்கூட மாடிப்படியில் மூச்சு வாங்கிய அதே கால்கள்தானா இவை என்று குனிந்து பார்த்தாள். டயர் ஈர மண்ணைக் கடித்து விடும் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. பாம்பைப் போல ஒரு வேர் குறுக்கே கிடந்தது. கண்ணை மூடிக்கொள்ளப் போனாள். முன் கால்கள் அமுங்கி, நிமிர்ந்தன. வேர் பின்னால் போய்விட்டது. எங்கோ மயில் அகவியது. மரங்களுக்கு நடுவே வெயில் சாய்ந்து விழுந்து, பனியைப் பட்டை பட்டையாக அறுத்தது. அந்தப் பட்டைகளுக்குள் நுழைந்து நுழைந்து அவள் போனாள். உலகத்தில் இப்படி ஒரு காலை தினமும் விடிந்துகொண்டிருந்திருக்கிறது, ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும்.

மேட்டின் உச்சியில் நின்று கீழே பார்த்தாள். அந்தச் சரிவு. ஜூனில் அவர்கள் இறங்கியது.

இறங்கி உருட்டிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு பெடல்களைச் சமமாக வைத்து எழுந்து நின்று, பிரேக்கைத் தொட்டபடி மெதுவாக விட்டாள்.

மூன்றாவது பாறை தாண்டியதும்தான் தெரிந்தது. கைப்பிடியை அழுத்தினாள்; சைக்கிள் நிற்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கினாள். கீச்சென்று ஒரு முனகல் வந்தது, வேகம் குறையவில்லை. கத்தவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மரங்கள். அவள் கண்ணைத் தூக்கிப் பாதை போகும் இடத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள். மீதியைச் சைக்கிள் செய்தது. கற்கள் ஒவ்வொன்றாக வந்து முன் கால்களுக்குள் போய்க் கரைந்தன. முட்டிகள் தாமாக மடிந்தன, தாமாக நிமிர்ந்தன. வளைவில் உடம்பு சாய்ந்தது, அவள் சாய்க்கவில்லை. நடுவில் எங்கோ பயம் கழன்று விழுந்துவிட்டது. விழுந்த இடத்தில் வேறொன்று வந்தது, ஆலயத்தில் ஆர்கன் எல்லாச் சுருதியிலும் ஒன்றாக எழும்போது நெஞ்சுக்குள் அதிருமே, அதைப் போல. சரிவு முடிந்து எதிர்மேடு வந்தது. அதில் பாதி ஏறிச் சைக்கிள் தானே தளர்ந்து, பெருமூச்சு விட்டதுபோல நின்று, அப்படியே பக்கவாட்டில் ஓர் உண்ணிச்செடிப் புதருக்குள் சாய்ந்தது.

முட்கள் வலது முழங்கையில் மூன்று கோடு இழுத்துவிட்டன. அவள் புதருக்குள் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கும்போதுதான் கீறல் நினைவு வந்தது. மஞ்சள் சைக்கிள் நினைவு வந்தது.

சைக்கிளைப் புரட்டிப் பார்த்தாள். செம்மண் தூசி சைக்கிள் முழுக்க லேசாகப் படிந்திருந்தது. சில இடங்களில் மட்டும் அழுத்தமாக ஒட்டியிருந்தது. ஹேண்டில்பார் நடுவில் ஒரு சிவப்புச் சிலுவை. முன் கால்கள் இரண்டிலும் ஒவ்வொன்று. சீட்டுக்குக் கீழே ஒன்று. சின்னச் சின்னதாக, கட்டைவிரல் அகலத்தில். அவள் கை தானாக அந்த வெள்ளித் தட்டுக்குப் போனது. வழுக்கியது. விரலை மோந்தாள். மல்லிகை கலந்த தேங்காயெண்ணெய், தன் நெற்றியில் இருக்கிற அதே வாசனை. உயிரே இதில்தான் இருக்கிறது என்று கடைக்காரர் காட்டிய இடத்தில், முன்னாலும் பின்னாலும், அம்மா தாராளமாகப் போட்டிருக்கிறாள்.

அந்தத் தட்டு இருப்பது தரையிலிருந்து ஒன்றேகால் அடியில். இரண்டு வருஷமாகப் பிரிஜெட்டால் முழங்காலிட முடியாது. பூசையில் நற்கருணையை உயர்த்தும் எழுந்தேற்ற நேரத்தில்கூட பெஞ்சில் உட்கார்ந்தபடிதான் தலை குனிவாள். அவள் இன்று விடியுமுன் நடையின் மொசைக் தரையில் முழங்காலிட்டு, எதையோ பிடித்துக்கொண்டு நகர்ந்து, ஒவ்வொரு சிலுவையாகப் போட்டிருக்கிறாள். பிறகு யாருக்கும் தெரியாமல் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறாள். சற்று முன் சரிவில் இறங்கும்போது வந்த அதிர்வு இப்போது ஜூடித்துக்கு மறுபடி வந்தது. இந்த முறை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஐயோ, ஏனாய்த்து கணே? என்ன ஆச்சு?” என்று அம்ருதா ஓடிவந்தாள். “ரத்தம்.”

“பிரேக் பிடிக்கல.”

“புதுச் சைக்கிள்ல? வா, அந்தக் கடைக்காரன நான் கேக்கறேன்.”

“அவர் மேல தப்பில்ல.” ஜூடித் சைக்கிளைக் காட்டின் வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்த குழாயில் துப்பட்டா நுனியை நனைத்து, சிலுவைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தட்டுகளையும் துடைத்தாள், அந்த வழுவழுப்பு மட்டும் போகவில்லை. காரில் வரும்போது யோசித்தாள். நீங்க போட்ட எண்ணெயாலதான் விழுந்தேன் என்று ஒரு வரி சொன்னால் போதும், சைக்கிள் அவளுடையது. அந்த ஒரு வரியைக் கேட்ட பிறகு அம்மா எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். எலஹங்காவிலிருந்து காக்ஸ் டவுன் வரை அந்த முகத்தைத் தாண்டி அவளால் போக முடியவில்லை.

கதவைத் திறந்த பிரிஜெட், மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக முழங்கையைப் பார்த்தாள். “நீட்டு” என்றாள். கழுவி, மருந்து வைத்து, பிளாஸ்திரி ஒட்டினாள். மூட்டை மடக்கி நீட்டி அசைத்தாள்.

“எப்படி விழுந்த?”

“முள்ளுல சாஞ்சிட்டேன்.”

“பிரேக் பிடிச்சியா?”

“பிடிச்சேன்.”

“அப்ப ஓட்டத் தெரியல.” பிரிஜெட் பஞ்சைச் சுருட்டினாள். “சாயங்காலம் பாய் கடைக்குப் போலாம்.”

“சரி மம்மி” என்றாள் ஜூடித்.

காக்ஸ் டவுனிலிருந்து மாஸ்க் ரோடு வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார்கள். பிரிஜெட் கடை வாசலில் இருந்த நாற்காலியில் ஹேண்ட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “மாத்திக் குடுத்துடுங்க பாய். விழுந்துட்டா.”

“சரி ஆன்ட்டி. அடி ஒண்ணும் பெரிசா இல்லியே?” நயீம் பாய் சைக்கிளை வாங்கி ஸ்டாண்டில் ஏற்றினார். பழக்கத்தில் சக்கரத்தைச் சுழற்றிப் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் தட்டில் விரலை வைத்து எடுத்தார். மோந்தார்.

“இதுல எண்ணெய் யாரு போட்டது?”

ஜூடித் அம்மாவுக்கும் அவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

“நான்தான்” என்றாள் ஜூடித். “சத்தம் வந்துச்சு. அதான்.”

“சத்தம் வந்தா எண்ணெயா? செருப்புக்கு அடியில எண்ணெய் தடவிக்கிட்டு மாடிப்படி எறங்குவீங்களா மேடம்? அதேதான் இது. அதுவும் மல்லிப்பூ எண்ணெய் வேற. தலைக்குத் தடவறதா?”

“ஆமா.”

“எங்க விழுந்தீங்க?”

“பெரிய எறக்கத்துக்குக் கீழ. எறங்கி முடிச்ச பொறகு.”

நயீம் பாய் அவளையே பார்த்தார். “ரெண்டு பிரேக்கும் இல்லாம அந்த எறக்கத்துல எறங்கினீங்களா? எறங்கி, முள்ளுக் கீறலோட வந்து நிக்கிறீங்க?” அவர் பிரிஜெட் பக்கம் திரும்பினார். “ஓட்டத் தெரியாம விழுந்தாங்கன்னு நெனக்காதீங்க ஆன்ட்டி. எனக்கே அந்தத் தைரியம் வராது. கவ்வுற கட்டை ரெண்டையும் மாத்தணும், தட்ட ஸ்பிரிட்டால தொடச்சா போதும், பழையபடி நிக்கும். ஆனா உங்க இஷ்டம். அந்த மஞ்சள இறக்கட்டுமா?”

ஜூடித் அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பிரிஜெட் எழுந்து வந்து, வேலை மேஜையிலிருந்த ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டாள். சைக்கிளுக்குப் பக்கத்தில் மெக்கானிக் உட்காரும் குட்டை ஸ்டூல் கிடந்தது. ஒரு கையால் முட்டியைப் பிடித்தபடி அதில் இறங்கி உட்கார்ந்தாள். ஜூடித் நீட்டிய கையைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, காயத்தைத் துடைப்பதுபோல. ஒரு பஞ்சு ஒரே இழுப்பு. அதைப் போட்டுவிட்டு அடுத்தது. தட்டின் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் பஞ்சைத் திரித்து விட்டு எடுத்தாள். ஸ்டூலை நகர்த்திக்கொண்டு பின்தட்டுக்குப் போனாள். “நான் பண்றேன் ஆன்ட்டி” என்று நயீம் பாய் வாயெடுத்தார். ஜூடித் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். குவிந்த பஞ்சுகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட வெளுப்பாக இருந்தன. கடைசிப் பஞ்சு வைத்தபடியே வெள்ளையாக வந்தது. பிரிஜெட் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

பாட்டிலை மூடினாள். ஸ்டாண்டைப் பிடித்து எழுந்தாள். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டாள். மகளின் முழங்கையில் பிளாஸ்திரியின் ஓரம் ஒன்று வியர்வையில் கிளம்பியிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.

“அப்ப மஞ்சள் சைக்கிள், ஆன்ட்டி?” என்றார் நயீம் பாய்.

பிரிஜெட் ஹேண்ட்பேக்கை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவுச் சட்டத்தைப் பிடித்து இரண்டு படியையும் இறங்கி, மூலையில் நின்ற மஞ்சள் சைக்கிளைத் திரும்பியும் பார்க்காமல் மாஸ்க் ரோட்டின் கூட்டத்துக்குள் நடந்து போனாள்.